சூடியவர், துறந்தவர், ஏசியவர்

ஒரே சொல். ஒருவர் சொன்னால் சிறை, இன்னொருவர் சொன்னால் கைதட்டல். இழிசொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 130 ஆண்டுகளுக்கு முன்பே அது இங்கே ஒரு குடும்பத்துக்குள் பேசப்பட்டிருக்கிறது.

கோயம்புத்தூரில் படித்த நாட்களில் அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போனதில்லை. மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்ததும் உள்ளே போவான், வகுப்பு விட்டதும் விறுவிறுவென்று வீடு திரும்புவான். பழகினால் பேச்சு வரும். பேச்சு வந்தால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி வரும். கடைசியில் சாதி வெளியே வந்துவிடும். அங்கே படித்த ஏறக்குறைய 400 பேரில் பத்துப் பேர் நீங்கலாக எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், தன் வாழ்க்கைச் சுருக்கத்தை 1939இல் எழுதியபோது பள்ளிப் பருவத்தை இப்படித்தான் நினைவுகூர்ந்தார்.

அதே மனிதர் 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’.

அந்தக் காலத்தில் இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதை இன்று முழுதாக உணர்வது கடினம். அந்தப் பெயரை மறைத்தால்தான் ஓட்டலில் சோறு கிடைக்கும், வாடகைக்கு வீடு கிடைக்கும். படித்து, உத்தியோகம் பார்த்து, நல்ல உடை உடுத்தியவர்கள் பெயரை விழுங்கிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட வழி இருந்தது. பலர் அப்படித்தான் செய்தார்கள். ஊட்டியில் கணக்கராக வேலை பார்த்த சீனிவாசனுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அவர் அதை வேண்டாம் என்றார். இன்னான் என்று தானே முன்வந்து சொல்லாதவன் தனக்குரிய உரிமையைக் கேட்க முடியாது, தாழ்த்தப்பட்டவனாகவே கிடப்பான், ஆகவே அந்தப் பெயரையே மகுடமாகச் சூட்டினேன் என்பதுதான் அவர் பிற்காலத்தில் தந்த விளக்கம். ‘மகுடம்’ என்பது அவருடைய சொல்லே. மாத இதழாகத் தொடங்கியது வார இதழாக மாறி 1900 வரை வந்தது. இடையில் வழக்கும் அபராதமும் வந்தன. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் ஆதிக்கச் சாதியினரே அதிகாரத்தை நிரப்பிக்கொள்வார்கள் என்று அவர் எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பெயரைச் சூடியது வெறும் அடையாளப் பெருமைக்காக அன்று. அதை வைத்து மனு எழுதினார், ஆள் திரட்டினார், அரசிடம் பங்கு கேட்டார்.

ஒரு சொல்லை மீட்டெடுப்பது என்று உலகம் இன்று பேசும் செயலின் முழு வடிவமும் இந்த ஒரு வாழ்க்கையில் இருக்கிறது. ஆனால் கதையில் பாதிதான் இது.

ஒரே குடும்பம், இரண்டு வழி

சீனிவாசனின் சகோதரி தனலட்சுமியை மணந்தவர் அயோத்திதாச பண்டிதர். சித்த மருத்துவர், பன்மொழி அறிந்தவர், 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் துணையோடு பௌத்தம் தழுவி சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். மைத்துனர் சூடிய பெயரை இவர் ஒருநாளும் சூட ஒப்பவில்லை. அந்தப் பெயர் நம்முடையதே இல்லை என்பது அவர் வாதம். இந்த மண்ணின் பூர்வகுடிகள் சாதியற்ற பௌத்தர்கள், அவர்களை வீழ்த்திய எதிரிகள் இழிவுசெய்யச் சுமத்தியதே அந்தப் பெயர், எதிரி சுமத்தியதை நாம் ஏன் எடுத்து அணிய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி பேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னார். 1907இல் அவர் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று.

இரண்டு பத்திரிகைப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறவால் ஒன்றான இருவர். இருவரும் ஒரே இழிவை அனுபவித்தவர்கள், அறிவிலும் துணிச்சலிலும் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. ஒருவர் சொல்லை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். மற்றவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பெயரோடு வந்தார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் ஆசை வரலாறு படிக்கும் எவருக்கும் வரும். அந்தத் தீர்ப்பை வெளியிலிருந்து சொல்லும் இடம் நமக்கு இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சூடுவதும் துறப்பதும் ஒரே உரிமையின் இரண்டு முகங்கள். தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்பதை, அடிபட்டவரே சொல்லும் உரிமை அது.

இருவருக்கும் பின்னால் வந்தவர்களும் இந்த இரண்டு பாதைகளிலும் நடந்தார்கள். 1922இல் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை நீக்கி, ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத வேண்டும் என்றார். நீதிக்கட்சி அரசு ஏற்றது. துறந்தவர் வழி அரசாணையாயிற்று. எட்டு ஆண்டு கழித்து லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போன சீனிவாசன், தன் சாதிப் பெயரையும் ‘தீண்டத்தகாதவர்’ என்ற சொல்லையும் சட்டையில் பொறித்துக்கொண்டு நின்றார் என்றும், மன்னர் கைநீட்டியபோது தன் நிலையைச் சொல்லித் தயங்கினார் என்றும் ஒரு கதை தலித் மேடைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. பேரரசின் தலைநகரில் அவர் மறைக்கவில்லை என்பதைத்தான் அந்தக் கதையைச் சொல்பவர்கள் திரும்பத் திரும்பப் போற்றுகிறார்கள்.

இன்னொரு பெயரும் வந்தது. அது அன்பாக வைக்கப்பட்ட பெயர். காந்தி 1933இல் ‘ஹரிஜன்’ வார இதழைத் தொடங்கினார். வசையாகச் சொன்னதில்லை, வாழ்த்தாகவே சொன்னார். ஆனாலும் 1938 ஜனவரியில் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் அந்தச் சொல்லைப் போட்டபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எப்படிப் பெயர் வைத்தீர்கள் என்பதே அங்கே எழுந்த கேள்வி. சொல்பவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. பிறகு 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் மற்றவர்களும் தலித் பாந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கியபோது, நொறுக்கப்பட்டவர் என்று பொருள்படும் ஒரு சொல்லை அம்மக்களே தேர்ந்துகொண்டார்கள். 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், ஊடகங்கள் ‘தலித்’ என்பதைத் தவிர்த்துப் பட்டியல் சாதி என்றே எழுதும்படி அறிவுறுத்தியது. மக்கள் தாமே தேர்ந்த பெயரைத் தவிர்க்கச் சொல்லும் அதிகாரம் ஓர் அமைச்சகத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று அன்று தலித் எழுத்தாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பறையும் இதே வழியில்

சொல்லுக்கு நடந்தது இசைக்கருவிக்கும் நடந்தது. சாவுக்குப் பறையடிப்பது ஊர் சுமத்திய கட்டாய வேலை. கூலி கேட்க முடியாது, மறுக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்பேத்கரிய இயக்கங்களின் தாக்கத்தில் வடமாவட்டங்களில் இளைஞர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் இழிதொழில் மறுப்புப் போராட்டங்களை நடத்தினார்கள். பறையைத் தொடமாட்டேன் என்பதற்கு ஊர் தந்த பதில் பல இடங்களில் அடியும் ஊர்விலக்கும்தான்.

1990களில் காற்று மாறிற்று. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் இலக்கியமும் கலைவிழாக்களும் பறையை மேடைக்குக் கொண்டுவந்தன. அதை விடுதலையின் இசை என்று அறிவித்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்களுக்கே உரியது என்ற வழக்கமும் அங்கே உடைந்தது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று நகரத்துக் கல்லூரி மாணவர்கள், எல்லாச் சாதிப் பிள்ளைகளும், பயிற்சிப் பட்டறைகளில் பறை கற்கிறார்கள்.

இதில் மகிழ்ச்சி உண்டு, உறுத்தலும் உண்டு. கருவியைக் கற்பது யாருக்கும் கூடும். ஆனால் சனிக்கிழமை பட்டறையில் பறை அடித்த கை திங்கட்கிழமை அதைக் கழுவிவிட்டு அலுவலகம் போகலாம், எந்த இழிவும் அதில் ஒட்டாது. கிராமத்தில் சாவு வீட்டு வாசலில் அடிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் மகன் பறையைத் தொடமாட்டேன் என்று சொன்னால், நகரத்து ரசிகர்கள் அவனுக்குப் பாரம்பரியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது. சூடும் உரிமையைக் கொண்டாடும் கூட்டம், துறக்கும் உரிமையை மதிக்கத் தவறுவதை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனும் அயோத்திதாசரின் வாரிசுதான்.

சட்டம் சொல்லும் பதில்

“அவர்கள் சொல்லிக்கொள்ளலாம், நாங்கள் சொன்னால் மட்டும் குற்றமா?” என்ற கேள்வி டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த முரண்பாடுபோலக் கேட்கிறார்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்கு எப்போதோ விடை எழுதிவிட்டது. அதன் 3ஆவது பிரிவு குற்றங்களை அடுக்குவதற்கு முன்னால், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவரும் என்று தொடங்குகிறது. சொல்பவர் யார் என்பது குற்றத்தின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி வைதால் 3(1)(எஸ்) பிரிவு பாயும். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

உச்ச நீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஆறுமுகம் சேர்வை வழக்கில், இங்குள்ள இரண்டு பெரும் சாதிப் பெயர்களோடு ‘பயல்’ என்பதை ஒட்டி ஏசும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. சாதிப் பெயர் இன்று சாதியைச் சுட்டுவதற்காகச் சொல்லப்படுவதைவிட, அவமதிப்பதற்காகவே சொல்லப்படுகிறது என்றும், அமெரிக்கக் கறுப்பினத்தாரை இழிவாக அழைக்கும் சொல் அங்கே எப்படி ஏற்கப்படாதோ அப்படியே இதுவும் என்றும் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எழுதினார். 2008இல் வடஇந்திய வழக்கு ஒன்றில், ‘சமார்’ என்று ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அழைப்பதும் குற்றமே என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஆனால் இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, அந்தப் பொதுப் பார்வை என்ற நிபந்தனை. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் ஏசியது இந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தராகண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. முதலாளி அறைக்குள், வீட்டு வேலைக்குப் போகும் இடத்தின் சமையலறையில், ஆய்வு மாணவர் வழிகாட்டியின் முன் தனியாக நிற்கும்போது விழும் சொல்லுக்குச் சாட்சி யார்? இழிசொல் ஆழமாகக் குத்துவது பெரும்பாலும் சாட்சியில்லாத இடத்தில்தான்.

இரண்டாவது ஓட்டையைப் பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள். பட்டியல் சாதிக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரை ஏசினால் இந்தச் சட்டம் தொடாது. அருந்ததியர் மக்களை அவர்களுடைய பழைய பெயரால் பழிக்கும் வழக்கம் ஆதிக்கச் சாதியினரிடம் மட்டும் இருந்ததில்லை. மேலிருந்து வாங்கிய அடியைக் கீழே இறக்கும் அவலம் சாதியின் இயல்பு, அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியிருக்கிறார். 2009இல் அருந்ததியருக்குத் தமிழ்நாட்டில் 3 சதவீத உள் ஒதுக்கீடு தரப்பட்டபோது, அந்த மக்கள் சந்தித்த பின்தங்கல் தனியானது என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஆகவே, நானும் ஒடுக்கப்பட்டவன் என்பதால் எந்த ஒடுக்கப்பட்டவரின் பெயரையும் நான் கையாளலாம் என்பது செல்லாது. ஒருவருக்குத் தன் மேல் விழுந்த சொல்லின் மேல்தான் உரிமை. பக்கத்துத் தெருவில் விழுந்த சொல்லின் மேல் இல்லை.

ஜலந்தரிலிருந்து ஒரு பாட்டு

நீதிமன்றம் குற்றம் என்று சொன்ன அதே ‘சமார்’ என்ற பெயரை, பஞ்சாபில் ஒரு பதின்வயதுப் பெண் பாட்டாக்கினாள். ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி கல்லூரியில் சேர்ந்தபோது சக மாணவி ஒருத்தி சாதியைக் கேட்டிருக்கிறாள். பட்டியல் சாதி என்று சொன்னதும், அதில் எது என்று மேலும் துருவியிருக்கிறாள். சமார் என்றதும், அவர்கள் அபாயமானவர்கள் ஆயிற்றே என்றாளாம். அந்தப் பேச்சே ‘டேஞ்சர் சமார்’ என்ற பாடலாயிற்று. 2016 வாக்கில் பஞ்சாப் முழுவதும் ஒலித்தது. பஞ்சாபி பாப் இசையில் ஜாட் சாதிப் பெருமை பாடல்களுக்குப் பஞ்சமே இல்லை. துப்பாக்கியும் டிராக்டரும் ஜாட் மகனும் அங்கே நீங்காத உருவங்கள். அந்த இசைச் சந்தைக்குள் குரு ரவிதாசையும் அம்பேத்கரையும் பாடிக்கொண்டு இந்தப் பெண் நுழைந்தாள்.

அதே ஆண்டில் உத்தரப்பிரதேசம் சகாரன்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நுழைவாயிலில், ‘தி கிரேட் சமார்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய வரவேற்புப் பலகை நின்றது. அதன் மேல் கறுப்பு மை பூசினார்கள். அதையொட்டி எழுந்த மோதலில்தான் தலித் அமைப்பான பீம் ஆர்மியின் பெயர் நாடறிந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: காலம் காலமாக அதே பெயரைச் சொல்லி ஏசியவர்களுக்கு, அந்த மக்களே அதைப் பெருமையாக எழுதி வைத்தபோது பொறுக்கவில்லை. சொல் மாறவில்லை, எழுதிய கை மாறியது. இழிசொல்லின் உயிர் எழுத்துகளில் இல்லை, யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதில் இருக்கிறது என்பதை அந்தப் பலகையின் மேல் மை பூசியவர்களே மெய்ப்பித்தார்கள்.

கடல் கடந்த பெயர்

தமிழ்நாட்டுச் சாதிப் பெயர் ஒன்று ஐரோப்பிய மொழிகளுக்குள் போய் நிலைத்த கதை நம்மில் பலருக்குத் தெரியாது. பறையர் என்பதிலிருந்து வந்த ‘பரையா’ என்ற சொல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் வழங்குகிறது. ஜெர்மன் கவிஞர் கதே அந்தப் பெயரில் கவிதை எழுதினார். பிரெஞ்சு நாடகாசிரியர் டெலவீன் 1821இல் நாடகம் எழுதினார். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன ஹன்னா அரெண்ட், 1944இல் யூதரைப் பரையா என்றே பேசும் கட்டுரை ஒன்றை எழுதினார். ஒதுக்கப்பட்டவர் என்பதை மறைக்காமல், உணர்ந்து, எதிர்த்து நிற்பவரையே அவர் மதித்தார். சென்னையில் சீனிவாசன் செய்ததை ஒத்த செயல் அது, ஆனால் அந்தப் பெயருக்குரிய மக்கள் யார் என்ற நினைவே அங்கே இல்லை.

இன்றும் உலகத் தலைவர்கள் தமக்குப் பிடிக்காத நாட்டைப் ‘பரையா நாடு’ என்கிறார்கள். ஆங்கில நூல்களில் நம் கரும்பருந்துக்கும், தெருநாய்க்கும்கூட அந்த அடைமொழி உண்டு. செங்கல்பட்டிலோ விழுப்புரத்திலோ தன் சாதிச் சான்றிதழில் அந்தப் பெயரைச் சுமக்கும் ஒரு மாணவி, ஆங்கிலச் செய்தித்தாளில் அதை வசையாகப் படிக்கும்போது என்ன நினைப்பாள்? சொன்னவருக்கு அவளைத் தெரியாது, அவளை நினைத்துச் சொல்லவும் இல்லை. ஆனாலும் அது அவள் பெயர். தமிழ் அறிஞர்களும் தமிழ் அமைப்புகளும் இந்தப் பயன்பாட்டுக்கு எதிராக இதுவரை உரக்கப் பேசாதது பெரிய குறை.

மலேசியாவில் பேசினார்கள். அப்துல்லா ஹுசைன் 1971இல் எழுதிய ‘இன்டர்லோக்’ நாவல் 2011இல் பள்ளிப் பாடமானபோது, தமிழகத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி அதில் இருந்த ‘பரியா’ என்ற சொல்லுக்கு இந்திய வம்சாவளியினர் கிளர்ந்து எழுந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நூல் விலக்கப்பட்டது. எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அதில் கலந்திருந்த ஒரு குரல் மனத்தை நெருடுகிறது: நாங்கள் எல்லாரும் அந்தச் சாதியா என்ன, எத்தனையோ சாதியினர் வந்தோம் என்ற குரல். ஒரு மக்களைப் பழித்ததற்காகக் கொதித்தார்களா, அந்த மக்களோடு தங்களையும் சேர்த்ததற்காகக் கொதித்தார்களா? ரப்பர்த் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்களில் பெரும் பங்கினர் அந்த மக்களே. அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் போராட்டத்தைப் பார்த்துக்கொண்டு எங்கே நின்றிருப்பார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

“எங்களுக்குள் சகஜம்”

கல்லூரி விடுதியில், வேலையிடத்தில், நண்பர்கள் வட்டத்தில் சாதிப் பெயரைக் கிண்டலாகச் சொல்வதை நியாயப்படுத்த ஒரு வாதம் தயாராக இருக்கும். அவனே சிரித்துக்கொள்கிறான், அவனுக்கே வருத்தமில்லை, எங்களுக்குள் இதெல்லாம் சகஜம் என்பார்கள். அவன் சிரிப்பதை ஒப்புதல் என்று எண்ணிக்கொள்வதில்தான் தவறு. சிரிக்காவிட்டால் அறைத்தோழர்கள் விலகுவார்கள், தொட்டாற்சிணுங்கி என்று பேர் வரும், சேர்ந்து சாப்பிடுவது நின்றுபோகும். அந்தச் சிரிப்பை அவன் எவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறான் என்று நண்பர்கள் யாரும் கேட்பதில்லை. உண்மையிலேயே அவனுக்கு வருத்தமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவன் தன்னளவில்தான் அனுமதி தர முடியும். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பையனுக்காக அவன் அனுமதி தர முடியாது.

எழுத்தாளர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வருகிறது. பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதியபோது, தன் தெருவின் பேச்சையும் வசையையும் அப்படியே எழுதினார். தமிழ் இலக்கியம் அதுவரை அச்சில் பார்க்காத பெண்களின் குரல் அது. வெளியில் நிற்கும் எழுத்தாளர் ஓர் ஆதிக்கச் சாதிப் பாத்திரத்தை உண்மையாகக் காட்ட வேண்டுமென்றால், அந்த வாயிலிருந்து வரும் சொல்லை எழுதாமல் முடியாது. அதை நான் ஏற்கிறேன். சொல் அங்கே ஏசுபவரின் முகத்தைக் காட்ட வருகிறதா, வாசகரைச் சிரிக்கவைக்க வருகிறதா என்பதே என் அளவுகோல். தமிழ் சினிமா நகைச்சுவைக் காட்சிகள் பல பத்தாண்டுகளாகத் திருநங்கைகளை ஓர் எண்ணைச் சொல்லி எள்ளிய விதத்தை இந்த அளவுகோலால் அளந்தால் ஒன்றுகூடத் தேறாது. இந்தக் கட்டுரையில் பத்திரிகையின் பெயரையும், மக்கள் தாமே சூடிய பெயர்களையும், வரலாற்றுக்குத் தேவையான சாதிப் பெயர்களையும் அச்சிட்டிருக்கிறோம். வசையாக மட்டுமே வாழும் வடிவங்களை, அடுத்து வரும் ஓர் எடுத்துக்காட்டு தவிர, அச்சிடவில்லை.

தெரியாமல் சொல்லும் சொற்களும் உண்டு. கோபம் வந்தால் தமிழ் வீடுகளில் தாராளமாக வந்து விழும் ‘சண்டாளா’, ‘சண்டாளி’ என்பவை, தமிழ்நாட்டின் பட்டியல் சாதி வரிசையில் இடம்பெற்றுள்ள ஒரு மக்களின் பெயரிலிருந்து வருபவை. 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அந்தச் சொல்லைப் பாட்டிலும் படத்திலும் மேடையிலும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கிண்டல் செய்தவர்கள் உண்டு, பாட்டிகளையெல்லாம் கைது செய்வீர்களா என்றார்கள். யாரையும் கைது செய்ய வேண்டியதில்லை. தெரிந்துகொண்டபின் நாக்கைக் கட்டுப்படுத்தினால் போதும். ‘காலனி’ என்ற வெற்றுச் சொல்கூட ஊருக்கு வெளியே வாழ்பவர்களைச் சுட்டும் இழிசொல்லாகிவிட்டது என்று, 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அமெரிக்கக் கறுப்பினத்தாரும் தங்கள் மேல் எறியப்பட்ட சொல்லைப் பற்றி ஒருமித்த முடிவுக்கு வந்ததில்லை. மேடை நகைச்சுவையில் அந்தச் சொல்லை ஆயுதமாக்கிய ரிச்சர்ட் பிரையர், 1979இல் கென்யா போய்வந்த பிறகு அதை விட்டுவிட்டார். 2007இல் டெட்ராய்ட் நகரில் கறுப்பினத்தாரின் பழம்பெரும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அந்தச் சொல்லுக்குச் சவப்பெட்டி செய்து இறுதி ஊர்வலமே நடத்தியது. ராப் பாடகர்கள் அதை இன்றும் பாடுகிறார்கள். சீனிவாசனும் அயோத்திதாசரும் அங்கேயும் இருக்கிறார்கள். ஊர்வலம் போனவர்களும் பாடுபவர்களும் தங்களுக்குள் வாதாடட்டும். வெள்ளையர் ஒருவர் அந்த வாதத்தைக் காட்டித் தனக்கு அனுமதி கேட்க முடியாது.

பெயரின் கடைசி எழுத்து

தமிழ்நாட்டில் இப்போது மீதமிருக்கும் வேலை அரசின் கையில் இருக்கிறது. பட்டியல் சாதிகளின் பெயர்களைக் குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணை வரிசைப்படுத்துகிறது. அதில் ஆதிதிராவிடர் என்ற பெயரும் இருக்கிறது, எம்.சி. ராஜா நீக்கச் சொன்ன பழைய பெயரும் இருக்கிறது, அருந்ததியர் என்பதும் அவர்கள் வெறுக்கும் பழைய பெயரும் தனித்தனியாக இருக்கின்றன. பல பெயர்கள் மரியாதையில்லாத ‘ன்’ விகுதியில் முடிகின்றன. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பெண் பிள்ளைக்கும் சான்றிதழில் ‘ன்’தான் வரும். ஒருவனை அடா என்று கூப்பிடும் தொனியை அரசே அச்சடித்துக் கையில் கொடுக்கிறது. இதை ‘ர்’ விகுதியாக மாற்றித் தரும்படி 2025இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

மாநில அரசு தானாக மாற்ற முடியாது. அரசமைப்பின் 341ஆவது பிரிவின்படி அந்த வரிசையைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. முடியாத காரியமும் இல்லை. தென்மாவட்ட மக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, குடும்பர், பண்ணாடி, காலாடி உள்ளிட்ட ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவரும் சட்டத்தை நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றியது. அந்த மக்களில் ஒரு பகுதியினர், பெயர் மட்டும் போதாது, பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்கிறார்கள். மறு பகுதியினர் அதை எதிர்க்கிறார்கள். துறப்பதிலும் எவ்வளவு துறப்பது என்ற வாதம் அவர்களுக்குள் நடக்கிறது, நடக்கட்டும். மற்ற சாதிகளின் பெயர்களுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. ஒவ்வொரு மக்களும் தங்களை எந்தப் பெயரில் எழுத விரும்புகிறார்கள் என்று முதலில் அவர்களிடம் கேட்டு, பிறகு மசோதாவை எழுத வேண்டும். எம்.சி. ராஜாவின் தீர்மானத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது.